யன்னலோரத்து நீதிமன்றம்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் ஓ.எல். வரைதான் படித்தவள். அதிலும் கணக்கில் சித்தியடையவில்லை. இந்த வாரப் பத்தியில் இதுவரை வந்த கிழமைகளில் லண்டனுக்கு வந்த புதிதில் பட்ட குளிரையும், முதல் வேலையையும், பஸ்ஸில் வழி தவறியதையும் எழுதினேன். அதெல்லாம் என் சொந்தக் கதை. பிழை விட்டால் வெட்கம் எனக்கு மட்டும்தான். இந்தக் கிழமை எழுதப்போவது ஓர் அமெரிக்க நீதிபதியைப் பற்றி. சட்டம் தெரிந்தவர்கள் வாசித்தால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மிச்சத்தையும் வாசியுங்கள்.

அவர் பேசியது ஆங்கிலம். என் மனதில் விழுந்தபடி தமிழில் எழுதுகிறேன். அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். நானும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கதிரைகள்

அது ஒரு மாசி மாதக் காலை. வெஸ்ட் ஈலிங்கில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் முதலாம் மாடி. வெளியே தூறல். நான் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில், முதியோரின் நிலையைப் பார்த்து அறிக்கை எழுத உள்ளூர்க் கவுன்சிலில் இருந்து ஒரு பிள்ளை வரப்போகிறாள். ஜட்ஜ் அம்மாவின் ஒரே மகள் எலன் பிரிஸ்டலில் இருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். ஜட்ஜ் அம்மா இந்த பிளாட்டில் இனியும் தனியாக இருக்கலாமா, அல்லது எலனின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டுமா? அன்றைக்கு எல்லோருமாக இருந்து அதைப் பேசவேண்டும்.

ஜட்ஜ் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று என்னை மேற்பார்வை செய்தார்.

"என் கதிரையை அங்கே வைக்காதீர், ரதி. யன்னலுக்கு முதுகு காட்டி இருக்கிறவரின் முகம் இருட்டாகிவிடும். முகம் தெரியாவிட்டால் சாட்சி பயப்படும்."

"ஆர் சாட்சி?" என்று கேட்டேன்.

"நீர்தான்."

கதிரையை மற்றப் பக்கம் மாற்றி வைத்தேன். பிறகு குசினிக்குள் போய், ஏற்கெனவே கொதித்திருந்த கேத்திலைத் திரும்பவும் போட்டேன்.

பெயர் சொல்லாத வழக்கம்

வயதானவர்களைப் பராமரிக்கும் கெயார் வேலைக்கு நான் அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே எனக்கு ஒரு சங்கடம். எனக்கு முன்னம் வேலை செய்தவர்கள் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். இந்த நாட்டில் அதுதான் முறை. எனக்கு வாய் வரவில்லை. எண்பது தாண்டிய ஒருவரை எப்படிப் பெயர் சொல்லுவது? அன்ரி என்று சொல்லவும் பயமாக இருந்தது. நெட்டையான, நிமிர்ந்த மனுசி. கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.

"உங்களை நான் என்னவென்று கூப்பிடுகிறது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்கள் ஊரில் என்னை ஜட்ஜ் என்றுதான் சொல்வார்கள். கடைக்காரனும் அப்படித்தான். என் கணவர்கூடக் கோபம் வந்தால் அப்படித்தான்."

அன்றிலிருந்து ஜட்ஜ். வீட்டில் நானும் என் கணவரும் பேசும்போது ஜட்ஜ் அம்மா.

என் கணவருக்கு அது பெரிய பகிடி. நான் வேலைக்கு வெளிக்கிடும்போதெல்லாம், "என்ன, இண்டைக்கும் கோர்ட்டுக்கோ?" என்று கேட்பார். "கவனமடியப்பா, உன்ர மீன்குழம்பைக் குடுத்துப்போடாதை. ஆயுள் தண்டனைதான்."

வயலும் ரயிலும்

அமெரிக்காவின் நடுவில், கண்ணுக்கு எட்டியவரை சோளம் விளையும் இடத்தில் பிறந்தவர் அவர். தகப்பனுக்குத் தானியக் களஞ்சியத்தில் வேலை. தானியத் தூசியால் தகப்பனின் மயிர் எப்போதும் நரைத்ததுபோல இருக்குமாம். பிறகு உண்மையாகவே நரைத்தபோது ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

சட்டம் படிக்கப் போன இடத்தில் பெண்கள் ஒரு வாங்குப் பலகையில் அடங்கக்கூடிய தொகைதான். படித்து முடித்து வேலை கேட்டுப் போனால், ரைப் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார்களாம். "தெரியும் என்று சொன்னேன். அதுதான் நான் விட்ட முதல் பிழை" என்றார். இரண்டு வருடம் ரைப் அடித்தார். பிறகு ஏழைகளுக்காக வாதாடும் ஓர் அலுவலகம் அவரை எடுத்தது. பிறகு அரசாங்க வழக்கறிஞர். ஒருநாள் தொலைபேசி வந்தது. ஜனாதிபதி அவரைப் பெடரல் நீதிபதியாக நியமிக்க விரும்புகிறாராம். அந்த நேரம் இவர் கையெல்லாம் மாவோடு பாணுக்குப் பிசைந்துகொண்டிருந்தாராம். அந்த போனில் கனகாலம் மா ஒட்டியிருந்ததாம்.

பெடரல் நீதிபதி என்றால் ஒரு மாநிலத்தின் சட்டத்துக்கு அல்ல, முழு நாட்டின் சட்டத்துக்கு நீதிபதி என்று எனக்கு விளங்கப்படுத்தினார். பெரிய சபைக்கு முன்னால் இருத்திக் கேள்வி கேட்பார்கள். அவர்கள் சம்மதித்தால் அந்தப் பதவி சாகும்வரை. பெரிய குற்றம் செய்தாலொழிய யாரும் பதவியிலிருந்து இறக்க ஏலாது. தானாக இறங்கினால்தான் உண்டு.

"சாகும்வரையோ?" என்று கேட்டேன். எங்கள் நாட்டில் அப்படியான பதவி கிடைத்தால் ஒருவரும் சாகமாட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. எனக்குப் பகிடி எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வரும்.

அவர் தானாகத்தான் இறங்கினார். ஒருநாள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரை, அந்த வழக்கறிஞரின் இறந்துபோன தகப்பனின் பெயரால் கூப்பிட்டுவிட்டாராம். தகப்பனும் அதே நீதிமன்றத்தில் வாதாடியவர்தான். "மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான் எடுத்தேன்" என்றார். அடுத்த மாதமே பதவியை விட்டுவிட்டார். அப்போது கணவரும் இல்லை. மகள் லண்டனில் இருந்தபடியால் இங்கே வந்தார். பிறகு மகள் பிரிஸ்டலுக்கு மாறினாள். இவர் போகவில்லை.

கறுப்பு அங்கி அலுமாரியில் குளிர்க் கோட்டுகளுக்கு நடுவில் தொங்கியது. தூசி தட்டும்போது, "இதை எங்கே வைக்க?" என்று கேட்டேன். "அங்கேயே இருக்கட்டும். பூச்சிகள் அதற்குப் பயந்து மற்றதைத் தின்னாமல் இருக்கும்" என்றார்.

முட்டையும் அப்பிளும்

அவருடைய மத்தியானச் சாப்பாடு ஓர் அவித்த முட்டையும் ஓர் அப்பிளும். நீதிபதியாக இருந்த காலம் முழுவதும் அதேதானாம். அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக இருந்து சாப்பிடுவாராம்.

சின்ன நகரம். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். இன்றைக்கு விருந்துக்குக் கூப்பிட்டவர் நாளைக்கு வழக்கோடு வந்து நிற்பார். அதனால் அயலட்டையின் வீடுகளுக்குச் சாப்பிடப் போவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார். ஒருமுறை ஒரு வழக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவனின் தாயின் கையால் எப்போதோ ஒரு மழை நாளில் ஒரு கோப்பை சூப் குடித்தது நினைவுக்கு வந்ததாம். இந்த வழக்கை நான் விசாரிக்க ஏலாது என்று வேறு நீதிபதிக்குக் கொடுத்துவிட்டார்.

"ஒரு கோப்பை சூப்புக்கோ?"

"நல்ல சூப், ரதி."

எனக்கு இது புதினமாக இருந்தது. எங்கள் ஆட்களில் ஒரு பிணக்கைத் தீர்க்க வருகிறவருக்கு முதலில் தேத்தண்ணியும் பலகாரமும் வைப்போம். சாப்பிடாமல் எழும்பினால் அவர் மற்றப் பக்கத்து ஆள் என்று நினைப்போம்.

இன்னொரு வழக்கைப் பற்றி ஒரேயொரு தரம் சொன்னார். ஒரு பெடியன், லொறி ஓட்டுகிறவன். லொறிக்குள் போதைப்பொருள். இத்தனை வருடச் சிறைமறியலுக்குக் குறையக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் எழுதிவைத்திருந்தது. "தீர்ப்பு முன்னமே எழுதியாகிவிட்டது. என் வாயை மட்டும் இரவல் கேட்டார்கள்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புல்லு வெட்டினாராம். முந்தின நாள்தான் வெட்டிய புல்லு.

நான் அப்பிள் தோலைக் கூட்டி அள்ளினேன்.

நான் பார்க்காத வழக்கு

நீதிபதி என்றவுடன் எனக்கு வேறொருவரும் நினைவுக்கு வருவார். என் கணவரின் அகதி வழக்கு குரோய்டனில் இருக்கும் குடிவரவு அலுவலகத்தில் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்குப் போனபோது விசாரித்தவர். தலையில் வெள்ளை மயிர்த்தொப்பியோடு ஒருவர் உயரத்தில் இருப்பார் என்று நினைத்திருந்தேன். சாதாரணக் கோட்டுப் போட்ட ஒருவர், தடிமன் பிடித்த மூக்கோடு, இருமல் இனிப்பைச் சூப்பிக்கொண்டு உள்ளே போனார்.

நானும் சாட்சி சொல்லுவதாக இருந்தது. இரவிரவாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். எங்கள் வழக்கறிஞர் கடைசி நேரத்தில் என் கணவரைத் தனியே கூப்பிட்டு, "உங்கட மனிசியைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் விடுவம் அண்ணை. அவ நடுங்குறா. நடுங்கினா பொய் எண்டு நினைப்பினம்" என்றாராம்.

அதனால் நான் வெளியே வாங்கில் இருந்தேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குள்ளால் என் கணவரின் முதுகு மட்டும் தெரிந்தது. அவரைப் பற்றி மற்றவர்கள் பேசப் பேச அந்த முதுகு சின்னதாகிக்கொண்டு போனது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு அவர் சொன்னார். வழக்கு வென்றது. ஆனாலும் அந்த முதுகு எனக்கு மறக்கவில்லை.

பின்னேரம்

இனித்தான் சொல்லவேண்டியது வருகிறது.

அது கூட்டத்துக்கு முந்தின மார்கழியில் தொடங்கியது. நாலு மணிக்கே இருட்டும் காலம். நான் பின்னேர வேலைக்குப் போகும்போது ஜட்ஜ் அம்மா யன்னலோரத்தில் இருப்பார். அவருக்கு அந்த யன்னல்தான் ரிவிப் பெட்டி. பஸ் தரிப்பு, கோழிப் பொரியல் கடை, எதிர்ப்பக்கத்து நாய். ஆவணியில் அம்மன் கோயில் தேர் அந்தப் பக்கம் வந்தபோது வாயைத் திறந்தபடி பார்த்திருந்தார். "எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் மட்டும்தான் தெருவை மறிப்பார்கள்" என்றார்.

ஒருநாள் வெளிச்சம் மங்கும் நேரம். நான் முன்னால் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து இருந்தார். குரல் மாறியது.

"உங்கள் பெயர் என்ன?"

பகிடி என்று நினைத்து, "ரதி" என்றேன்.

"உங்கள் மீது சாட்டப்பட்ட குற்றம் உங்களுக்கு விளங்குகிறதா?"

அவருடைய கண் என்னைப் பார்த்தது. ஆனால் பார்த்தது என்னை அல்ல.

"இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் விளங்கும்வரை நாம் இங்கேயே இருப்போம். அவசரம் இல்லை."

பிறகு கொஞ்சநேரம் ஏதோ கடதாசியைப் புரட்டுவதுபோல மடியைத் தடவினார். பிறகு சொன்னார்: "தண்டனை சொல்ல முன்னர், நீங்கள் இந்த நீதிமன்றத்துக்குச் சொல்ல விரும்புவது ஏதாவது உண்டா?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

நான் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன். "நன்றி. தீர்ப்பு நாளைக் காலை" என்றார். வெளியே தெருவிளக்கு எரிந்தது. "ரதி, கோப்பி போட்டீரா?" என்று கேட்டார். பழைய குரல்.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தரமாவது வரும். ஆங்கிலத்தில் 'நீர்', 'நீங்கள்' இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் பகலில் அவர் பேசினால் எனக்கு 'நீர்' என்று கேட்கும். அந்த நேரத்தில் 'நீங்கள்' என்று கேட்கும். அவ்வளவு மரியாதை. தீர்ப்பு ஒருநாளும் வராது. எப்போதும் நாளைக் காலைதான்.

நாலாம் ஐந்தாம் தரம் அவர் கேட்டபோது நான் பேசத் தொடங்கினேன். தமிழில். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். இடையில் மறிக்கவில்லை. அந்தக் கதிரையில் இருந்து நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். என் கணவருக்கும் அது தெரியாது.

முன்னம் ஒருநாள் ஜட்ஜ் அம்மா கேஸ் அடுப்பை மூடாமல் விட்டபோது நான் உடனேயே எலனுக்குச் சொன்னேன். அடுப்பு மாற்றியாயிற்று. ஆனால் இதை எப்படிச் சொல்லுவது? நெருப்பு இல்லை, விழுந்து அடிபடவில்லை. ஒரு மனுசி தன் கதிரையில் இருந்து கதைக்கிறா. நான் கேட்கிறேன். பிறகு அவ கேட்கிறா.

உப்பு

கூட்டத்துக்கு முதல் நாள் ஜட்ஜ் அம்மா முட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு உம்மிடம் கேட்பார்கள். உமக்கு இரக்கம் வரும். அதை வீட்டில் வைத்துவிட்டு வாரும்."

"எங்கட ஆக்கள் உப்புத் திண்ட வீட்டுக்கு எதிரா வாய் திறக்கிறேல்லை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "நீங்களும் அப்படித்தானே. ஒரு கோப்பை சூப்புக்காக வழக்கை விட்டீங்கள்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் நீதிபதி. நீதிபதி சாப்பிட்டிருக்கக்கூடாது. சாட்சி சாப்பிட்டிருக்கலாம். அந்த வீட்டில் சாப்பிட்டவருக்குத்தானே அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரியும்?"

தான் எதைச் சொல்லச் சொல்லுகிறார் என்று அவருக்கே தெரியாது. அதுதான் என்னை வருத்தியது.

அன்று சாப்பிடும்போது என் கணவரிடம் முழுவதையும் சொன்னேன். நான் அந்தக் கதிரையில் பேசியதை மட்டும் சொல்லவில்லை.

"உனக்கேன் இந்தச் சோலி?" என்றார். "ஒண்டும் தெரியாதெண்டு சொல்லு. மகளும் கவுன்சிலும் பாக்கட்டும்."

"கேட்டா?"

"கேட்டா, நல்லா இருக்கிறா எண்டு சொல்லு. பொய்யே அது? நல்லாத்தானே இருக்கிறா."

"பின்னேரத்திலை தன்ர வீடெண்டு தெரியாமல் இருக்கிறா. நான் இல்லாத ஒருநாள் எழும்பிக் கோர்ட்டுக்கெண்டு கதவைத் திறந்து இறங்கினா? படியிருக்கு. றோட்டு இருக்கு."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"அவ போனா உனக்கும் அந்த வேலை போகும்."

"ஓம்."

"அதுக்கில்லை நான் சொல்லுறது" என்றார். "அந்த மனுசியெண்டா உனக்கு ஒரு இது. எனக்குத் தெரியுமப்பா."

சாட்சி

கவுன்சில் பிள்ளையின் பெயர் டிலானி. கதவைத் திறந்தவுடன் என் முகத்தைப் பார்த்து, "அன்ரி, நீங்க தமிழா?" என்றாள். மன்னார்ப் பக்கத்துத் தாய் தகப்பன், பிறந்தது லண்டன் பிளேஸ்டோவில். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். அதைப் பார்த்து, பின்னால் வந்த எலனும் கழற்றினாள்.

டிலானி ஜட்ஜ் அம்மாவிடம் கேள்விகள் கேட்டாள். இன்றைக்கு என்ன நாள், வீட்டில் நெருப்புப் பிடித்தால் என்ன செய்வீர்கள், மருந்து எப்போது, யார் தருவது.

"நீங்கள் ஒரே மூச்சில் நாலு கேள்வி கேட்கிறீர்கள்" என்றார் ஜட்ஜ் அம்மா. "ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எதற்கு ஓம் என்கிறேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா?"

டிலானி வெட்கப்பட்டுச் சிரித்தாள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. எலன் பழைய கேஸ் அடுப்புக் கதையை எடுத்தாள். "அந்த அடுப்பு இப்போது இந்த வீட்டில் இல்லை. இல்லாத அடுப்பால் என்ன ஆபத்து?" என்றார் தாய். எலன் வாயை மூடிக்கொண்டாள். டிலானியின் முகத்தைப் பார்த்தால், இவர் இங்கேயே இருக்கலாம் என்று எழுதப்போகிறாள் என்று தெரிந்தது.

"அன்ரி," என்று என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் கவனித்தது ஏதாவது?"

ஒரு குறையுமில்லை. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. எங்கள் வாய்க்குப் பழக்கமான சொல். யார் சுகம் கேட்டாலும் சொல்லுவோம்.

ஜட்ஜ் அம்மாவைப் பார்த்தேன். யன்னல் வெளிச்சம் அவருடைய முகத்தில் விழுந்தது. கதிரையை மாற்றி வைத்தபடியால் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அந்த முகத்தில் கெஞ்சல் இல்லை. கோபம் இல்லை. நான் பேசும்வரை அவர் காத்திருந்தார். அவ்வளவுதான்.

சொன்னேன். நடுங்கி நடுங்கித்தான் சொன்னேன். இருட்டும் நேரம், நீதிமன்றம், என் பெயரைக் கேட்பது, குற்றம் விளங்குகிறதா என்று கேட்பது, தீர்ப்பு நாளைக் காலை என்பது. சொல்ல விரும்புவது ஏதாவது உண்டா என்ற அந்த நடுக் கேள்வியை மட்டும் சொல்லவில்லை. அது என்னுடையது என்று ஒரு நினைப்பு.

"அந்த நேரம் உங்களை ஆரெண்டு தெரியுமா, அன்ரி?" டிலானி தமிழில் கேட்டாள்.

"தெரியாது, பிள்ளை."

அதை ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னாள்.

"எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை" என்றார் ஜட்ஜ் அம்மா. "நித்திரையில் பிதற்றியிருப்பேன். ரதி பொய் சொல்லமாட்டாள். ஆனால் நல்ல சாட்சியும் தவறாக விளங்கிக்கொள்ளலாம்."

அதன்பிறகு எலனும் டிலானியும் பேசத் தொடங்கினார்கள். வைத்தியரிடம் காட்டவேண்டும். பிரிஸ்டலில் அறை எப்போது காலியாகும். அவர் இரவில் எழும்புகிறாரா. அவருக்குப் படிகள் ஏலுமா. மேசைக்குக் குறுக்கே அவர், அவருக்கு, அவரை என்று பேச்சுப் போனது. இருவரும் கெட்டவர்கள் அல்ல. எலனின் கண் கலங்கித்தான் இருந்தது.

ஜட்ஜ் அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது.

அந்த முதுகை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். ஒரு சின்னக் கண்ணாடிக்குள்ளால்.

நான் எழும்பி நின்றுவிட்டேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது. பேச்சு நின்றது. எனக்கு ஆங்கிலம் கோர்வையாக வராது. ஆனால் அந்த ஒரு வசனம் மட்டும் பாடம். மாதக்கணக்காகக் கேட்ட வசனம்.

"ஜட்ஜ்," என்றேன். "தண்டனை சொல்ல முன்னர், நீங்கள் இந்த நீதிமன்றத்துக்குச் சொல்ல விரும்புவது ஏதாவது உண்டா?"

எலன் கையால் வாயைப் பொத்தினாள்.

"அது அம்மாவின் வசனம்" என்று டிலானியிடம் மெதுவாகச் சொன்னாள். "பள்ளி விடுமுறையில் நான் நீதிமன்றத்தின் கடைசி வாங்கில் இருந்து கேட்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய குற்றவாளி என்றாலும் தீர்ப்புக்கு முன்னர் அவனுடைய முகத்தைப் பார்த்து அதைக் கேட்கவேண்டும். அதுதான் முறை." பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மாவா உங்களுக்குச் சொல்லித் தந்தார்?"

"நான் சொல்லித் தரவில்லை" என்றார் ஜட்ஜ் அம்மா. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வசனத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. உன் அப்பாவுக்கு முன்னால்கூட." என் பக்கம் கையைக் காட்டினார். "ரதி அதைக் கேட்டிருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அப்படியென்றால் அவள் சொன்னது உண்மை."

தேத்தண்ணிக் கோப்பைகளில் ஆவி அடங்கிவிட்டது. வெளியே ஒரு பஸ் மூச்சுவிட்டு நின்றது.

"இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்" என்றார். "சிலர் அழுவார்கள். சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். ஒன்றுமில்லை என்றால் எனக்கு வேலை சுகம் என்று நினைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது."

நாங்கள் காத்திருந்தோம். எலன்கூட.

"சொல்ல இருக்கிறது. எனக்கு இந்த யன்னல் பிடிக்கும். அவ்வளவுதான்."

டிலானி பேனையை மூடினாள். முடிவு உங்களுடையதுதான், நாங்கள் கேட்கத்தான் வந்தோம் என்று சொன்னாள்.

"அப்படியா?" என்றார் ஜட்ஜ் அம்மா. முதுகு திரும்பவும் நிமிர்ந்தது. "அப்படியென்றால் தீர்ப்பு நாளைக் காலை."

போகும்போது டிலானி வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "அன்ரி, நீங்க நல்லா கதைச்சீங்க" என்றாள். நான் வாசல் படியில் குந்திவிட்டேன்.

அன்று பின்னேரம் நான் திரும்பிப் போனபோது ஜட்ஜ் அம்மா யன்னலோரத்தில் இருந்தார். வெளிச்சம் மங்கியது. நான் முன்னால் கதிரையில் இருந்து உடுப்பு மடித்தேன். தெருவிளக்கு எரிந்தது. அன்றைக்கு நீதிமன்றம் கூடவில்லை.

வீட்டுக்குப் போனேன். "சொல்லிப்போட்டியே?" என்று கேட்டார் என் கணவர். ஓம் என்றேன். அவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குப் போனேன். ஜட்ஜ் அம்மா எலனுக்கு ஏற்கெனவே போன் எடுத்திருந்தார். பிரிஸ்டலுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். நான் முட்டை அவித்தேன். அப்பிள் முடிந்திருந்தது. கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.